மெஷின் வைக்கிற இடம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கடையின் இரும்புக் கதவை மேலே ஏற்றினார்கள். ஈரக்காவும் அவள் புருஷனும் அதற்கு முன்பே வந்து எதிர்ப்பக்கப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்த அளவு டேப்பை எடுத்து இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

"அதை உள்ள வைங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"அகலம் இருபத்தி நாலு இஞ்சுக்கு மேல போனா நம்ம மேடையில உக்காராது. ஞாபகம் வெச்சுக்க."

"எனக்கு எதுக்கு ஞாபகம்? நீங்கதான் தூக்கத்துல கூட அதையே சொல்றீங்களே."

ஈரக்கா என்பது வேலை செய்கிற இடத்தில் வந்த பெயர். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவரவர் நிற்கிற இடம்தான் அவரவர் பெயர். துவைத்து முடிந்த விரிப்புகளைப் பெரிய மெஷினிலிருந்து இழுத்து வெளியே போடுகிறவள் அவள். முழங்கை வரை எப்போதும் நனைந்தே இருக்கும். புருஷன் குழாய் வேலை செய்பவர். தெருவில் அவருக்கும் வேறு பெயர் இல்லை. குழாய்க்காரர்.

கடைக்குள் குளிர்ந்த காற்று. வரிசையாகத் துணி துவைக்கும் மெஷின்கள் நின்றன. ஈரக்கா வெள்ளை நிறத்தில் ஒன்றின் மூடியைத் திறந்தாள். உள்ளே கை விட்டுத் தொட்டியைச் சுற்றிப் பார்த்தாள். வலது மணிக்கட்டில் பட்டி சுற்றியிருந்ததால் இடது கையால் சுற்றினாள். சத்தமில்லாமல் சுற்றியது. அவள் வேலையிடத்து மெஷின் சுற்றினால் ஜன்னல் ஆடும்.

"தம்பி, இது தண்ணி எந்தப் பக்கமா எடுக்கும்?" என்றார் குழாய்க்காரர்.

"பின்னாடி, சார்."

அவர் மெஷினுக்குப் பின்னால் போய் மண்டி போட்டார். டேப் இழுபடும் சத்தம் கேட்டது. எழுந்து வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"நான் குழாய் வெச்ச எடத்துக்கு நேரா வருது. ஒரு விரக்கடை கூடத் தள்ளல."

"அப்ப இதையே எடுத்துக்கலாமா?"

"உனக்குப் பிடிச்சிருக்கா?"

"வெள்ளையிலதான் அழுக்குத் தெரியும்," என்றாள். அதுதான் சம்மதம்.

பணம் கட்டும் இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஈரக்கா பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஐந்து கார்டுகளை எடுத்து வைத்தாள். பரிசுக் கார்டுகள். ஐந்திலும் ஒரே படம், சிவப்பு ரிப்பன் கட்டிய பெட்டி. அந்தப் பெண் முதல் கார்டை இழுத்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி இழுத்தாள்.

"மேடம், இது காலாவதி ஆயிடுச்சு."

"எது?"

"இந்தக் கார்டு."

"அப்ப அடுத்ததைப் போடும்மா."

அடுத்ததும் அதுவே. மூன்றாவதும் அதுவே. ஐந்தும் ஒரே நாளில் ஒரே கையால் கொடுத்தவை. அது ஈரக்காவுக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொன்றும் ஒவ்வொருத்தியுடையது என்பதால் ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசிக் கார்டு மட்டும் ஒரு வெள்ளைத் தாளில் சுற்றியிருந்தது. மூலைக்கு மூலை பொருந்தி, ஓரம் பிசகாத மடிப்பு. அதைத் தானே பிரித்துக் கொடுத்தாள்.

"இதுவும்தான், மேடம்."

"மாசக் கடைசி வரைக்கும் இருக்கேம்மா," என்றார் குழாய்க்காரர். "பின்னாடி பாரு. குடுத்த நாள்லேருந்து ஒரு வருஷம்னு போட்டிருக்கு. போன வருஷம் இதே மாசக் கடைசியிலதான் குடுத்தாங்க. போட்டோ கூட இருக்கு."

"உங்களுக்குக் குடுத்த நாள் இல்ல, சார். உங்க ஆபீஸ் எங்ககிட்ட வாங்கின நாள். அதிலேருந்து ஒரு வருஷம். அது போன மாசமே முடிஞ்சிடுச்சு."

"அவங்க என்னிக்கு வாங்கினாங்கன்னு எங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

அந்தப் பெண் மேலாளரைக் கூப்பிட்டாள். அவர் வந்து கார்டுகளைத் தொடாமலே பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"கம்ப்யூட்டர் எடுக்காது, சார். என் கையில எதுவும் இல்ல."

"உள்ள பணம் இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"இருந்துச்சு, சார்."

"இப்ப எங்க போச்சு?"

மேலாளர் கார்டின் பின்பக்கத்தைக் காட்டினார். "இந்த நம்பருக்குப் பேசிப் பாருங்க."

"பால் கெட்டுப் போகும், மாத்திரை கெட்டுப் போகும். பணம் எப்படிங்க கெட்டுப் போகும்? நான் நேத்து வாங்கின கூலி இன்னிக்குச் செல்லாதுன்னா ஒத்துக்குவீங்களா?"

பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. ஒரு கிழவர் தோளில் மின்விசிறிப் பெட்டியை வைத்துக்கொண்டு நின்றார்.

"வாங்க, போகலாம்," என்றாள் ஈரக்கா.

கார்டுகளை அடுக்கிப் பைக்குள் போட்டாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து, மேசையில் கிடந்த ரப்பர் பேண்டை எடுத்துப் பட்டி சுற்றாத கையில் மாட்டிக்கொண்டாள்.

*

கார்டு ஆஸ்பத்திரி நிர்வாகம் கொடுப்பது. வருஷத்துக்கு ஒரு முறை சலவைக்கூடத்து ஆட்களை வரிசையில் நிறுத்தி, பெரிய அதிகாரி கையால் ஆளுக்கொன்று கொடுப்பார்கள். அந்த ஒரு கடையில்தான் செல்லும். ஒற்றைக் கார்டுக்கு ஒரு குக்கர் வரும். இல்லையென்றால் இரண்டு போர்வை.

"நாள் பூரா போர்வையைத்தானே கட்டிட்டு அழறோம். வீட்டுக்கும் அதையே வாங்கிட்டுப் போகணுமா?" என்று முதல் வருஷமே கேட்டவள் உருளை. விரிப்புகளைச் சூட்டு உருளைக்குள் விட்டுத் தேய்ப்பவள். ஐவரில் இளையவள். அவள் சொன்ன யோசனைதான். ஐந்து பேர் கார்டையும் சேர்த்து ஒருத்தியிடம் கொடுத்துவிடுவது. அந்த வருஷம் அவள் வீட்டுக்குப் பெரிதாக ஒரு பொருள். அடுத்த வருஷம் அடுத்தவளுக்கு.

கிழிந்த விரிப்பு தைக்கிற தையல்காரம்மா வீட்டுக்கு பீரோ வந்தது. உருளை வீட்டுக்கு ஃபிரிஜ். அழுக்கு மூட்டை பிரிக்கிற மூட்டையம்மா வீட்டுக்கு டிவி. பொருள் வந்த வாரம் மற்ற நால்வரும் அந்த வீட்டுக்குப் போவார்கள். டீ குடித்து, பொருளைத் தொட்டுப் பார்த்து, ஆளுக்கொரு குறை சொல்லிவிட்டு வருவார்கள். குறை சொல்லாமல் போனால் வாங்கியவளுக்குத் தூக்கம் வராது.

இந்த முறை மடிப்பக்காவுக்கு வரவேண்டியது. தேய்த்து வரும் விரிப்புகளை மடித்து அடுக்குகிறவள். ஐவரில் மூத்தவள். நாளெல்லாம் நின்றுவிட்டு வீட்டில் தரையில் படுப்பாள். காலையில் முட்டி மடங்காது. சுவரை ஒரு கையாலும் புருஷனை ஒரு கையாலும் பிடித்துத்தான் எழுந்திருப்பாள். ஒரு கட்டில் வேண்டும் என்று சொல்லாத நாள் கிடையாது. ஆனால் கார்டு வாங்கிய அன்று ஈரக்காவின் மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. மடிப்பக்கா அந்தக் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இங்கயும் துவைச்சு வீட்லயும் துவைச்சா கை என்னத்துக்கு ஆகும்? நீ முதல்ல மெஷின் எடு."

"உங்க முறையாச்சேக்கா."

"நான் இன்னும் ஒரு வருஷம் படுத்தா தரை தேஞ்சா போயிடும்?"

ஈரக்கா வீட்டில் மாமனார் படுத்த படுக்கை. தினமும் இரண்டு விரிப்பு, சில நாள் மூன்று. வேலையிடத்தில் நூறு விரிப்பை இழுத்துப் போட்டுவிட்டு வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து இதைக் கையால் கசக்க வேண்டும்.

மெஷினை அன்றே வாங்கியிருக்கலாம். குழாய்க்காரர்தான் விடவில்லை.

"இடம் தயார் பண்ணாம வாங்கி வந்து எங்க வைக்கிறது? என் தலையிலயா?"

குளியலறைத் தரையில் வைத்தால் தண்ணீர் பட்டுத் துருப்பிடிக்கும் என்றார். மேடை கட்ட வேண்டும். பழைய இரும்புக் குழாயில் வேகம் போதாது. தொட்டியிலிருந்து தனிக் குழாய் இழுக்க வேண்டும். கழிவு நீர் திரும்பி வராமலிருக்க வளைவு போட வேண்டும். ஊர் வேலை போக மிச்சம் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமைதான். ஞாயிற்றுக்கிழமைதான் ஊரில் எல்லார் வீட்டுக் குழாயும் உடையும்.

ஒரு வழியாக மேடை கட்டிப் பூசினார். ஒரு குவளைத் தண்ணீரை மேலே ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்த்தார். தண்ணீர் சுவரோரம் தேங்கி நின்றது. வாட்டம் சரியில்லை. உடைத்தார். மறுபடி கட்டினார். மறுபடி ஊற்றினார். மறுபடி உடைத்தார்.

"மெஷினுக்கு அடியில தண்ணி நிக்கறதை யாருங்க குனிஞ்சு பாக்கப் போறாங்க?" என்றாள் ஈரக்கா.

"அடுத்தவன் வீட்ல வாட்டம் தப்பா வெச்சா அவன் திட்டுவான். என் வீட்ல வெச்சா யார் திட்டுவா? நானேதான் திட்டணும்."

மூன்றாவது முறை கட்டியது நின்றது. வெள்ளை ஓடு பதித்து, பித்தளைக் குழாய் வைத்து, அதன் வாயில் மூடி போட்டு முடித்தார். அது போன ஞாயிற்றுக்கிழமை. மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நிம்மதியாகத்தான் படுத்தார்கள்.

*

திரும்பும் பேருந்தில் இருவருக்கும் இடம் கிடைத்தது. ஒரே இருக்கை.

"என்னாலதான்னு சொல்லிடு," என்றார்.

"யார்கிட்ட?"

"அவங்ககிட்டதான். மடிப்பக்காகிட்ட."

"உங்களாலன்னு சொன்னா கட்டில் வந்துடுமா?"

"முதல் தடவை கட்டினதையே விட்டிருக்கணும்."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "விட்டிருக்க மாட்டீங்க," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் உள்ளறையிலிருந்து மாமனார் குரல் வந்தது.

"வந்துடுச்சா?"

"இல்ல, மாமா."

"கூடவே ஏத்தி விட மாட்டானா?"

"வரும், மாமா."

"ராத்திரில போட்டா சத்தம் வருமா?"

"வராது. சத்தமே இல்ல," என்றாள். அது உண்மைதான்.

மதியம் குழாய்க்காரர் கார்டின் பின்னாலிருந்த எண்ணுக்குப் பேசினார். காத்திருக்கச் சொல்லிவிட்டு வாத்திய இசை போட்டார்கள். கை வலித்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவின் கட்டிலோரம் வைத்துவிட்டு, அவரைத் திருப்பிப் படுக்கவைத்து முதுகு துடைத்தார். இசை முடிந்து மறுபடி முதலிலிருந்து வந்தது.

"பாட்டு நல்லா இருக்கே. யாரு போட்டது?" என்றார் அப்பா.

"கடைக்காரங்க."

"சும்மாவா போடறான்?"

"சும்மாதான்."

ஒரு பெண் லைனில் வந்தாள். கார்டு எண்ணைக் கேட்டாள். காலாவதி ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டு, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். குழாய்க்காரர் நன்றி சொல்லி வைத்தார்.

"ஏண்டா நிறுத்திட்டே?" என்றார் அப்பா.

*

திங்கட்கிழமை வேலை தொடங்குவதற்கு முன் ஈரக்கா அலுவலகத்துக்குப் போனாள். கிளார்க் மேடம் அப்போதுதான் கைப்பையை நாற்காலியில் மாட்டிக்கொண்டிருந்தாள். ஈரக்கா கார்டுகளை மேசையில் வைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"ஐயோ," என்றாள் கிளார்க் மேடம். உண்மையாகவே சொன்னாள். "நாங்க முன்னாடியே வாங்கி வெச்சுட்டோம். பெரியவர் கையால குடுத்துப் போட்டோ எடுக்கணும்னாங்க. அவருக்கு நேரம் ஒழியல. இந்த டிராயர்லதான் கிடந்துச்சு."

இழுப்பறையை இழுத்துக் காட்டினாள். உள்ளே பேனாவும் ஒரு சீப்பும் கிடந்தன.

"கடையில கேட்டுப் பாக்க முடியாதா, மேடம்? நீங்க சொன்னா கேப்பாங்கல்ல."

"போன வருஷம் ஒருத்தருக்குக் கேட்டேன். பதிலே போடல. எல்லாரும் உடனே வாங்கிடுவாங்களே. நீங்க ஏன் இத்தனை நாள் வெச்சிருந்தீங்க?"

"வீட்ல கொஞ்சம் வேலை நடந்துச்சு."

கிளார்க் மேடம் கார்டுகளை அவள் பக்கம் நகர்த்தினாள். ஈரக்கா எடுத்துக்கொண்டாள்.

"இந்த வருஷத்துக் கார்டு எப்ப, மேடம்? அதாவது சீக்கிரம் குடுத்தீங்கன்னா..."

கிளார்க் மேடம் கதவைப் பார்த்தாள். "சொல்லக் கூடாது. நோட்டீஸ் வர்ற வரைக்கும் உங்களோட வெச்சுக்குங்க. கார்டை நிறுத்திட்டாங்க. இனிமே கிடையாது."

"அதுக்குப் பதிலா?"

"சான்றிதழ். ஃபிரேம் போட்டு."

ஈரக்கா கார்டுகளைப் பைக்குள் போட்டாள்.

"அது காலாவதி ஆகுமா, மேடம்?"

அவள் கேலி செய்கிறாளா, உண்மையாகவே கேட்கிறாளா என்று கிளார்க் மேடத்துக்குத் தெரியவில்லை. "ஆகாது," என்றாள்.

சலவைக்கூடத்தில் நீராவி கிளம்பிவிட்டது. முதல் சுற்று முடிந்து மெஷின் நின்றிருந்தது. ஈரக்கா கதவைத் திறந்து விரிப்பின் நுனியைப் பிடித்து இழுத்தாள். ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு ஒரே கயிறாக வந்தது. இடது கையால் இழுத்து வலது கையால் தாங்கினாள். மணிக்கட்டில் சுரீர் என்றது.

"ஈரக்கா!" உருளைதான் கத்தினாள். அந்தச் சத்தத்தில் கத்தினால்தான் கேட்கும். "மெஷின் என்ன கலரு?"

"வெள்ளை."

"ஐயே! ஆஸ்பத்திரி மாதிரி. சிவப்பு கிடைக்கலையா?"

"வெள்ளைதான் இருந்துச்சு."

"சரி, குறை சொல்ல எனக்கு ஒண்ணு கிடைச்சிடுச்சு. மத்தவங்க அவங்கவங்களுக்குத் தேடிக்கங்க. ஞாயித்துக்கிழமை வர்றோம். டீயோட விட்றாதீங்க, கடிச்சுக்க ஏதாவது வையுங்க."

தையல்காரம்மா சிரித்தாள். மூட்டையம்மா சிரித்தாள். மடிப்பக்கா கடைசி மேசையிலிருந்து நிமிர்ந்து ஈரக்காவைப் பார்த்தாள். கை மட்டும் நிற்கவில்லை. பாதி, மறுபாதி, ஓரம், அடுக்கு. ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டு வேளையிலும் கேட்கவில்லை.

*

அன்று மாலை மாமனாரின் விரிப்பு இரண்டு ஊறிக் கிடந்தன. ஈரக்கா குளியலறையில் உட்கார்ந்து கசக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வெள்ளை ஓடு பதித்த மேடை. அதன் மேல் இப்போதைக்கு ஒரு வாளி. குழாய்க்காரர் வாசலில் உட்கார்ந்து யாருக்கோ போனில், இன்று வரமுடியாது, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஈரம் இருக்காளா?"

மடிப்பக்காவின் குரல். குழாய்க்காரர் எழுந்து நின்றார்.

"வாங்கக்கா. இருக்கா. வந்து... நீங்க உக்காருங்க, நான் கூப்பிடறேன்."

"நான் என்ன விருந்தாளியா? எங்க இருக்கா?"

துணி கசக்கும் சத்தம் கேட்டுவிட்டது. சுவரைப் பிடித்தபடி மெல்ல நடந்து வந்து குளியலறை வாசலில் நின்றாள். மேடையைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். மூடி போட்ட பித்தளைக் குழாயைப் பார்த்தாள். ஈரக்கா எழுந்திருக்கவில்லை. கையில் நுரை.

"செல்லாதுன்னுட்டாங்கக்கா," என்றாள்.

"எல்லாமா?"

"எல்லாமும். நாள் முடிஞ்சிடுச்சாம். ஆபீஸ்ல வாங்கின நாள்தான் கணக்காம். வாங்கி டிராயர்லயே போட்டு வெச்சிருந்தாங்களாம்."

மடிப்பக்கா உள்ளே வந்து, சேலை நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு, விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தாள்.

"எழுந்திரு. அந்த முனையைப் பிடி."

இருவரும் எதிரெதிரே நின்று முறுக்கினார்கள். ஒருத்தி வலப்பக்கம், ஒருத்தி இடப்பக்கம். தண்ணீர் மேடைமேல் கொட்டி, அதன் ஓரமாக ஓடி, ஒரு சொட்டும் தேங்காமல் துளைக்குள் போனது.

"வாட்டம் நல்லா வெச்சிருக்காரு," என்றாள் மடிப்பக்கா.

வாசலில் நின்ற குழாய்க்காரருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"என்னாலதான்கா. ரெண்டு தடவை இடிச்சுக் கட்டினேன். முதல்ல கட்டினதையே விட்டிருந்தா மெஷின் வந்திருக்கும்."

"விடுங்க. நீங்க இடிச்சதாலயா காலாவதி ஆச்சு? டிராயர்ல வெச்சுப் பூட்டினவங்க எல்லாம் நிம்மதியாத் தூங்கறாங்க." பிறகு சொன்னாள்: "தூங்கறதுக்கு அவங்களுக்குக் கட்டிலும் இருக்கும்."

சிரிக்கலாமா என்று குழாய்க்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. பால் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

"யாரு வந்திருக்கா?" என்றார் மாமனார் உள்ளிருந்து. "மெஷின் கொண்டு வந்தவனா?"

"மடிப்பக்கா, மாமா."

"யாரு?"

"கூட வேலை செய்றவங்க."

"அவங்களுக்கு மெஷினைக் காட்டு."

இரண்டாவது விரிப்பையும் பிழிந்தார்கள். கொடியில் பழைய விரிப்பு காய்ந்து கிடந்தது. மடிப்பக்கா அதை உருவி, ஒரு முனையை ஈரக்காவிடம் நீட்டினாள். இருவரும் உதறினார்கள். பாதி, மறுபாதி. ஈரக்கா தன் முனையைக் கொண்டுபோய் அவள் கையில் சேர்த்தாள். மடிப்பக்கா ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிவிட்டாள்.

"மத்த மூணு பேர்கிட்டயும் நான் சொல்லிக்கிறேன். உருளை ஒரு நாள் கத்துவா, அப்புறம் மறந்துடுவா. நீ இதையே நினைச்சுக் கையைக் கெடுத்துக்காத."

"அக்கா."

"என்ன?"

ஈரக்கா வாயைத் திறந்தாள். கிளார்க் மேடத்தின் இழுப்பறையும் அதற்குள் கிடந்த சீப்பும்தான் நினைவுக்கு வந்தன. "ஒண்ணும் இல்ல. முட்டி எப்படி இருக்கு?"

"இருக்கு. எங்க போகப் போகுது?" மடிப்பக்கா மடித்த விரிப்பை மேடைமேல் வைக்கப் போனாள். ஈரம் என்று கண்டு மார்போடு அணைத்துக்கொண்டாள். "இன்னிக்குக் காலையில அவருக்கும் முதுகு பிடிச்சுக்கிச்சு. என்னைத் தூக்கி விட ஆள் இல்ல. ஜன்னல் கம்பியைப் பிடிச்சு எழுந்திருக்கேன், பாத்துக்க. சிரிக்காத."

"சிரிக்கல."

"அடுத்த கார்டு என் முறைதானே?"

ஈரக்கா குழாயின் பித்தளை மூடியைத் துணியால் துடைத்தாள். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

"இந்தத் தடவை கையில குடுத்த அன்னிக்கே நேரா கடைக்குப் போயிடணும்," என்றாள் மடிப்பக்கா. "அதுக்குள்ள நானும் இடத்தை ஒழிச்சு வெச்சிடறேன். மூலையில பெட்டியும் மூட்டையுமா கிடக்கு, எல்லாத்தையும் எடுத்துடலாம். கட்டில் நிக்குமான்னு மட்டும் ஒரு தடவை அளந்து பாக்கணும். உங்க வீட்டுக்காரரை டேப் எடுத்துட்டு வரச் சொல்றியா, என்னிக்கு வரச் சொல்றே?"